மூன்றாம் அங்கம்

மேடைப் பலகையைப் பெயர்த்துப் பார்த்து
விலை சொல்லும்படி நகராட்சி எழுதியிருந்தது.
கடப்பாரையும் கைவிளக்குமாக
பிப்ரவரியில் ஹல்லிகிவிக்குப் போனேன்.
எஸ்டோனிய வரைபடத்தை மடித்தால்
மடிப்பில் தேய்ந்துபோகும் ஊர்.

சாவி மாரெட்டிடம். நூலகமும் அவள் பொறுப்புதான்.
"கோலிக்குண்டை வையுங்கள், இடப்பக்கம் ஓடும்."
வைத்தேன்.
ஓடியது.

முதலில் பச்சை லினோலியம்.
ரஷ்யக் காலத்துப் பசை, எதற்கும் மசியவில்லை.
அதன் கீழே செய்தித்தாள்,
ஒரு டிராக்டர்காரனின் பாதிச் சிரிப்பு.
அதன் கீழ் ஒட்டுப்பலகை, இடுக்கெல்லாம் பார்லி:
இரண்டு குளிர்காலம் இது
கூட்டுப்பண்ணையின் களஞ்சியம்.
எலிகள் மட்டும் மேடை ஏறின.
அதற்கும் கீழேதான் பைன்.
1908இல் அறுத்தது.
ஒவ்வொன்றின் அடிவயிற்றிலும்
மரம் கொடுத்தவன் பெயர், கரிக்கட்டியில்.

தீயணைப்புச் சங்கம் கட்டிய வீடு.
கீழே கைப்பம்பும் தோல்வாளியும், மேலே கூத்து.
பம்பு வாங்கக் காசு சேர்க்க நாடகம் போட்டார்கள்,
நாடகம் ருசித்துப் பம்பை மறந்தார்கள் என்று
பக்கத்து ஊரில் கேலி பேசுவார்களாம்.

அந்தக் கேலியை மாரெட் பொறுப்பதில்லை.
தேநீரை வைத்துவிட்டு 1931 நவம்பரைச் சொன்னாள்.
இரண்டாம் அங்கம் முடிகிற நேரம்
ரொட்டிக்கடை பற்றிக்கொண்டது.
அணைக்க வேண்டியவர்கள் அத்தனை பேரும்
அரிதாரத்தில் இருந்தார்கள்.
அரசன், அதாவது கொல்லன் யூஹான் வாரிக்,
காகித மகுடத்தோடு பம்பை அடித்தான்.
சாத்தான் ஏணியில் ஏறினான், வால் கருகியது.
மணமகள் முக்காட்டை வாளியில் முக்கி
ரொட்டிக்காரனின் குழந்தையைச் சுற்றினாள்.
பார்க்க வந்தவர்கள் டிக்கெட் எண் வரிசையில் நின்று
வாளி கைமாற்றினார்களாம்.
இதை மட்டும் நான் நம்பவில்லை.
கூரை போயிற்று, அடுப்பு நின்றது.
இரவு இரண்டரைக்கு
எல்லாரும் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து
மூன்றாம் அங்கத்தைப் பார்த்தார்கள்.

1949ஐக் கேட்டேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
வெகுநேரம் துடைத்தாள்.

மார்ச். நான்கு இரவும் இந்த ஜன்னல்களில் வெளிச்சம்.
நாடகச் சாமானில் ஒரு மேசை,
அரசனின் விருந்துக்காகச் செய்தது.
அதன்மேல் வைத்துத்தான் பட்டியலைச் சரிபார்த்தார்கள்.
வாரிக் போனான்.
மணமகள் போனாள், இரண்டு பிள்ளைகளோடு.
சாத்தான் காட்டுக்குள் ஓடிவிட்டான் என்கிறார்கள்.
கோபுரத்தில் மணி இருந்தது. யாரும் அடிக்கவில்லை.
அடிக்கிற கையும் பட்டியலில் இருந்தது.

"அந்த மேசை?"
"இருக்கிறது. கேக் விற்பனைக்குப் போடுவோம்.
உறுதியான மேசை."

மேடைக்கு அடியில் தவழ்ந்தேன்.
வசனம் எடுத்துக்கொடுப்பவரின் பள்ளத்தில்
ஒரு பித்தளைப் பொத்தான்,
குழந்தைக் கையுறை ஒன்று, சிகரெட் அட்டை.
கருகிய வால் கிடைக்கும் என்றொரு நப்பாசை.
கிடைக்கவில்லை.
இடப்பக்க உத்தரம் உளுத்திருந்தது,
பம்பைக் கழுவிவிட்ட தண்ணீரெல்லாம்
அங்கேதான் இறங்கியிருக்கிறது.

விலை எழுதினேன். கொஞ்சம் குறைத்தே எழுதினேன்.
பெயர் மேலே தெரியும்படி
பலகையைத் திருப்பிப் போடலாமா என்றாள் மாரெட்.
மிதிபடுமே என்றேன்.
யோசித்தாள்.
"அடியிலேயே இருக்கட்டும். தாங்கட்டும்."

அன்று சனிக்கிழமை. கீழ்க்கூடத்தில் ஒத்திகை,
பன்னிரண்டு பேர், குளிர் மேலங்கியைக் கழற்றாமல்.
நண்பகலில் கோபுரத்துச் சங்கு ஊதியது.
வாரந்தோறும் ஊதும் சோதனைச் சங்குதான்.
ஆனாலும் பேச்சு நின்றது.
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்,
யாரோ கதவைத் திறந்து
தெருவில் புகை தெரிகிறதா என்று எட்டிப்பார்த்தார்.

பனி மட்டும்.
மருந்துக்கடைப் பெண் கேட்டாள்:
"எந்த வரியில் விட்டோம்?"